கடாரம்: வென்ற கதையும் வாழ்ந்த கதையும்

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது பேச்சுப் போட்டி ஒன்றில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. 'தமிழர் வீரம்' என்பது தலைப்பு. ஆசிரியர் எழுதிக் கொடுத்த உரையை இரண்டு வாரம் மனப்பாடம் செய்தேன். "கடாரம் கொண்டான் இராஜேந்திர சோழன்!" என்ற வரி வந்ததும் வலக்கையை உயர்த்தி முழங்க வேண்டும் என்பது பயிற்சி. முழங்கினேன். மண்டபம் கைதட்டியது. பரிசாகக் கிடைத்த அகராதி இன்றும் என் மேசையில் இருக்கிறது.

பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். இரண்டாம் படிவத்தில் வரலாற்றுப் பாடத்தின்போது பழைய கெடா பற்றிய பேச்சு எழுந்தது. நான் எழுந்து நின்று, "சிக்கு, அந்த இடத்தை எங்கள் ராஜா 1025இல் வென்றார்" என்றேன். எங்கள் ஆசிரியை ஒரு மலாய்க்காரர். என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லது. உன் ராஜா வந்தார், வென்றார், திரும்பிப் போனார். அவர் வருவதற்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள்? அவர் போன பிறகு யார் இருந்தார்கள்? அவர்கள் என்ன வேலை செய்தார்கள்?" என்று கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளும் ஆவலில்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகு உலக நாகரிகங்கள் பற்றிய பாடத்தில் எனக்கு இன்கா நாகரிகம் ஒப்படைப்பாக வந்தது. பத்துப் பக்கம் எழுதினேன். ஆண்டிஸ் மலைவாசிகள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறைய வைத்து, பகல் வெயிலில் காய வைத்து, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, ஆண்டுக்கணக்கில் கெடாமல் சேமித்தார்கள். எழுத்து இல்லாத அவர்கள், கயிற்றில் முடிச்சிட்டுக் கணக்கு வைத்தார்கள். இரும்பும் அவர்களிடம் இல்லை. ஆனாலும் சுமார் 40,000 கிலோமீட்டர் நீளத்திற்குச் சாலை வலையைப் பரப்பினார்கள். ஸ்பானியர் 1532இல் அவர்கள் அரசனைச் சிறைப்பிடித்த கதை ஒரு பத்தியில் முடிந்துவிட்டது. மீதி ஒன்பது பக்கமும் சாதாரண மக்களின் வாழ்க்கைதான்.

எழுதி முடித்த இரவில் ஆசிரியையின் கேள்வி நினைவுக்கு வந்தது. பசிபிக் கடலுக்கு அப்பால் வாழ்ந்தவர்கள் கிழங்கை எப்படிக் காய வைத்தார்கள் என்று எனக்குத் தெரிகிறது. நான் பிறந்து வளர்ந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரே ரயிலில் போய்ச் சேரக்கூடிய கடாரத்தில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் குறையைப் போக்கிக்கொள்ள நான் எடுத்த சிறு முயற்சி. என்னைப் போலவே 'கடாரம் கொண்டான்' என்பதோடு நின்றுவிட்ட தோழர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

எங்கே இருக்கிறது கடாரம்?

கெடா மாநிலத்தின் தென்மேற்கில், ஜெராய் மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடையில் உள்ள நிலப்பரப்பையே பூஜாங் பள்ளத்தாக்கு என்கிறோம். மலாயில் லெம்பா பூஜாங். இதன் பரப்பு சுமார் 224 சதுர கிலோமீட்டர் என்பர். ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். உலக அளவில் இது பெரிய மலை இல்லை. ஆனால் சமதரையிலிருந்து தனியாக, கடலை ஒட்டி எழுந்து நிற்பதால் வெகுதூரத்திலிருந்தே தெரியும். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு 'கரை வந்துவிட்டது' என்று முதலில் சொன்னது இந்த மலைதான்.

இந்த ஊருக்குப் பெயர்கள் பல. தமிழில் கடாரம், வடமொழியில் கடாஹம். இரண்டுக்கும் கொப்பரை என்ற பொருளும் உண்டு. பட்டினப்பாலையில் காழகம் என்றொரு நாட்டிலிருந்து பொருள்கள் வந்து இறங்கியதாகக் குறிப்பு வருகிறது. அது கடாரமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் எழுதினார். அராபியர் 'கலா' என்று எழுதிய துறைமுகமும் இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இத்தனை மொழிகளில் பெயர் பெற்றிருந்த ஊர் என்பதிலிருந்தே எத்தனை நாட்டார் அங்கே வந்து போனார்கள் என்பதை ஊகிக்கலாம்.

சென்ற பருவ விடுமுறையில் தோழர்கள் இருவருடன் கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறி, சுங்கை பட்டாணியில் இறங்கி, வாடகைக் காரில் மெர்போக் போனோம். புக்கிட் பத்து பகாட் என்னும் இடத்தில் மலையடிவாரத்தில் அரும்பொருளகம் இருக்கிறது. 1980இல் திறக்கப்பட்டது. அருகிலேயே ஓடை சலசலக்கிறது. அங்கே சுற்றியபோது கண்டதையும், பின்னர் நூலகத்தில் படித்ததையும் சேர்த்தே கீழே எழுதுகிறேன்.

காற்றுக்காகக் காத்திருந்த ஊர்

கடாரத்தை உருவாக்கியது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தமிழகக் கரையிலிருந்து கப்பல்கள் கிழக்கே வரும். வடகிழக்குப் பருவக்காற்று எழுந்ததும் அதே கப்பல்கள் மேற்கே திரும்பும். வந்தவுடன் திரும்பிவிட முடியாது. காற்று மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவனுக்குச் சோறு வேண்டும், நீர் வேண்டும், படுக்க இடம் வேண்டும், கிழிந்த பாயைத் தைக்க ஆள் வேண்டும், கும்பிட ஒரு கோயில் வேண்டும். இத்தனையையும் தரும் இடம் ஊராகிவிடுகிறது.

சீனப் பௌத்தத் துறவி இ-சிங் இதற்கு நல்ல சான்று. அவர் 671இல் சீனாவிலிருந்து புறப்பட்டு, ஸ்ரீவிஜயத்தில் தங்கிப் படித்து, பின்னர் கெடாவுக்கு வந்து, அங்கிருந்து ஆண்டிறுதிக் காற்றில் வங்கத்தின் தாமிரலிப்தித் துறைமுகத்திற்குக் கப்பலேறினார். நம் சென்ட்ரலில் ரயில் மாறுவதுபோல் அவர் கடாரத்தில் கப்பல் மாறியிருக்கிறார்.

இன்னொரு சான்று இன்னும் பழையது. 1834இல் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். எழுத்தமைதியைக் கொண்டு 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கின்றனர். 'செம்மண் நாடு' என்னும் ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற மாநாவிகன், அதாவது பெருங்கப்பல் தலைவன், தன் பயணம் வெற்றியாக முடிய வேண்டும் என்று வேண்டிச் செதுக்கி வைத்தது அது. கல்லில் ஒரு தூபியும் வரையப்பட்டுள்ளது. அரசனின் வெற்றியைப் பற்றி அதில் ஒரு சொல் கூட இல்லை. கடலுக்குப் போகும் ஒரு மனிதனின் அச்சமும் நம்பிக்கையும்தான் இருக்கின்றன. இன்று புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடுகிறோமே, ஏறக்குறைய அதே மனம்.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இந்த வட்டாரத்தில் கிடைத்த பழைய கல்வெட்டுகள் பல்லவ எழுத்தில் உள்ளன; மொழியோ வடமொழி. எழுத்து தென்னாட்டிலிருந்து வந்தது என்பதால் எழுதியவர், வாழ்ந்தவர் எல்லாரும் தமிழர் என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. மண்ணின் மக்கள் பெரும்பகுதியாகவும், தமிழகம், வங்கம், சீனம், அரேபியா எனப் பல இடத்தார் வந்து தங்குபவர்களாகவும் கலந்து வாழ்ந்த துறைமுகம் இது. நம்மவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களோடு பிறரும் இருந்தார்கள்.

இரும்பு உருக்கிய கைகள்

மெர்போக்கிலிருந்து சிறிது தொலைவில், செம்பனைத் தோட்டத்திற்கு நடுவே சுங்கை பத்து அகழாய்வுத் தளம் இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் பேராசிரியர் மொக்தார் சைடின் தலைமையில் 2009 முதல் இங்கே தோண்டினார்கள். பொன்னும் மணிமுடியும் எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்து போவார்கள். அங்கே குவிந்து கிடப்பது இரும்புச் சிட்டம். தாதுவை உருக்கி இரும்பை எடுத்த பிறகு எஞ்சும் கழிவு.

தளத்துப் பணியாளர் ஒருவர் ஒரு சிட்டத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். கறுத்து, குமிழி குமிழியாக, பார்த்ததற்கு மேல் கனமாக இருந்தது.

அக்கால உருக்குமுறை எளியது. ஆனால் உடம்பை முறிக்கும். இரும்புத் தாதை உடைத்துச் சிறு துண்டுகளாக்க வேண்டும். காட்டில் மரம் வெட்டிக் கரி சுட வேண்டும். களிமண்ணால் உலை கட்டி, கரியையும் தாதையும் மாற்றி மாற்றிக் கொட்டி, துருத்தியால் இடைவிடாமல் காற்று ஊத வேண்டும். காற்று உலைக்குள் போவதற்குக் களிமண் ஊதுகுழல்கள். சூடு 1,200 பாகை அளவுக்கு ஏறும். இரும்பு முழுதும் உருகி ஓட 1,500 பாகைக்கு மேல் வேண்டும் என்பதால், அது கடற்பஞ்சு போன்ற கட்டியாக அடியில் தங்கும். கசடு மட்டும் உருகி வடியும். அந்தக் கட்டியைச் சூட்டோடு வெளியே இழுத்து, அடித்து அடித்து, அழுக்கை நீக்கினால்தான் இரும்பு. ஒரு கத்தி பிறப்பதற்குள் எத்தனை பேர் வியர்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! அந்த ஊதுகுழல்கள் சுங்கை பத்துவில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஆண்டுக்கணக்கில், தலைமுறைக் கணக்கில் நடந்த தொழில் அது.

உலைகளோடு செங்கல் கட்டுமானங்களும் வெளிப்பட்டன. படகுத்துறை எனக் கருதப்படும் செங்கல் மேடைகள் அவற்றுள் முக்கியமானவை. இன்று கடல் தள்ளிப் போய்விட்டது. அன்று படகு அந்தச் செங்கல்லில் வந்து உரசி நின்றிருக்கிறது. வட்ட வடிவ அடித்தளத்தின் மேல் சதுரமாக எழுப்பிய செங்கல் சின்னம் ஒன்றும் உண்டு. அது சடங்கிற்குரிய இடமாக இருக்கலாம் என்கின்றனர்.

இத்தளத்தின் காலம் பற்றி ஒரு சொல். கி.மு. 788 என்ற ஆண்டு செய்திகளில் பெரிதாக அடிபட்டது. அத்தனை பழைமையை ஏற்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கி.பி. முதல் ஆயிரமாண்டின் முற்பகுதியிலேயே இங்கே இரும்புத் தொழில் நடந்தது என்பதைக் கொண்டாலும், அது இராஜேந்திரன் காலத்திற்குப் பல நூறு ஆண்டு முற்பட்டது. நமக்கு அதுவே போதும்.

மணி செய்தவர்களும் பானை வாங்கியவர்களும்

மூடா ஆற்றங்கரைப் பக்கம் சுங்கை மாஸ் என்றொரு கம்பம் உள்ளது. சுமார் 5ஆம் நூற்றாண்டிலிருந்து சிறந்திருந்த இடம். அங்கே மண்ணைக் கிளறினால் கண்ணாடி மணிகள் கிடைத்தன. கடுகு அளவிலிருந்து மிளகு அளவுவரை. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. கண்ணாடிக் குழம்பை நீண்ட மெல்லிய குழலாக இழுத்து, ஆறிய பின் பொடிப்பொடியாக நறுக்கி, கூர்முனை மழுங்குவதற்காக மீண்டும் சூடாக்கிச் செய்யப்பட்டவை. புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேட்டில் நடந்த அதே தொழில்முறை. இறக்குமதி செய்து விற்றதோடு நில்லாமல், சுங்கை மாஸிலேயே மணி செய்திருக்கிறார்கள் என்பதற்குத் தொழிற்கழிவுகள் சான்று. தொழில் தெரிந்த ஒருவர் கடல் தாண்டி வந்து, இங்கே ஒரு பையனுக்குக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும். அந்த ஆசிரியரும் மாணவரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் செய்த மணி மட்டும் இருக்கிறது.

10ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு துறைமுகத்தின் மையம் பெங்காலான் பூஜாங்கிற்கு நகர்ந்தது. அங்கே சோங், யுவான் மரபுக் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. மத்திய கிழக்குக் கண்ணாடித் துண்டுகளும் உண்டு. அரும்பொருளகத்தில் அவற்றைப் பார்த்தபோது என் தோழி, "எல்லாம் உடைந்ததாகவே இருக்கிறதே" என்றாள். உடைந்ததால்தான் எறிந்தார்கள். எறிந்ததால்தான் நமக்குக் கிடைத்தது.

வீடு, சோறு, சாமி

மக்கள் வாழ்ந்த வீடுகள் எவையும் மிஞ்சவில்லை. மரமும் மூங்கிலும் அத்தாப்பும் இந்த மழைநாட்டில் ஆயிரம் ஆண்டு நிற்குமா? ஆற்றங்கரையிலும் சதுப்பு ஓரத்திலும் கால் நட்டு எழுப்பிய வீடுகளாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். மெர்போக் முகத்துவாரத்தில் இன்றும் அலையாத்திக் காடு பரந்து கிடக்கிறது. மீன், நண்டு, சிப்பி ஆகியவற்றுக்குப் பஞ்சமில்லாத இடம். பின்னால் சமவெளி; நெல்லுக்கு ஏற்றது. அதற்கும் பின்னால் காடு. மரமும் கரியும் பிசினும் தருவது. கடலும் வயலும் காடும் ஒரு நாள் நடைக்குள் அமைந்த ஊர் என்றால் அது கடாரம்தான்.

மிஞ்சியவை வழிபாட்டு இடங்களின் அடித்தளங்கள். மலாயில் இவற்றைச் சண்டி என்பார்கள். குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் துணைவியார் டோரதியும் 1936-37இல் இப்பகுதியைத் தோண்டி முப்பது இடங்களைப் பதிவு செய்தனர். அவற்றுள் எட்டாம் எண் பெற்றது சண்டி புக்கிட் பத்து பகாட். அலஸ்டேர் லாம்ப் தலைமையில் 1959-60இல் அது மீண்டும் எழுப்பப்பட்டது. ஜெராய் மலைக் கருங்கல்லால் ஆன விமானம். அதன் முன்னால் மண்டபம். மண்டபத்தில் தூண் இல்லை. தூண் நின்ற கல் பாதங்கள் வரிசையாக இருக்கின்றன. ஏனென்றால் தூணும் கூரையும் மரத்தால் ஆனவை. அமைப்பு இந்தியாவிலிருந்து வந்தது. கூரை இந்த மண்ணுக்கு ஏற்றபடி மாறியது. கற்றுக்கொண்டதை அப்படியே நகலெடுக்காமல் தம் மழைக்கும் மரத்துக்கும் ஏற்ப மாற்றிய தச்சர்கள் இங்கே இருந்தார்கள்.

கட்டடத்தின் அடியில் குழிகள் செதுக்கிய கல் பேழைகளை வைத்து, அவற்றுள் மணிகளையும் உலோகத் துண்டுகளையும் இட்டுப் புதைத்திருந்தனர். நாம் இன்றும் வீடு கட்டும்போது அடிக்கல்லின் கீழ் நவதானியமும் நாணயமும் போடுகிறோம் அல்லவா?

பௌத்தமும் சைவமும் இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தன. முற்காலச் சின்னங்களில் பௌத்தம் மேலோங்கி இருக்கிறது. பிற்காலத்தில் இந்துக் கோயில்கள் மிகுகின்றன. ஆய்வு இன்னும் முடியவில்லை. யான் வட்டாரத்துப் புக்கிட் சோராஸில் அண்மையில் நடந்த தோண்டலில் சுதையால் செய்த புத்தர் சிலை வெளிப்பட்டு, 2024இல் செய்தியானது. மண்ணுக்கடியில் இன்னும் எத்தனை பேர் கண் மூடி அமர்ந்திருக்கிறார்களோ!

1025: ஓர் ஆண்டின் கதை

இனி, நான் மேடையில் முழங்கிய வரிக்கு வருகிறேன். 1025 வாக்கில் இராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களைத் தாக்கியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஸ்ரீவிஜயம், மலையூர், இலங்காசோகம், தக்கோலம், மாநக்கவாரம் என ஊர்களை அடுக்கிக்கொண்டு போய், கடாரத்தையும் சொல்கிறது. கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டான். அவனுடைய செல்வமும் தோரணவாயிலும் கைப்பற்றப்பட்டன. வங்கக் கடலைக் கடந்து ஒரு கடற்படையை நடத்துவது எளிய செயல் இல்லை. அந்தத் திறனை நான் இன்றும் வியக்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தாக்குதலுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், இராஜேந்திரனின் தந்தை இராஜராஜன் காலத்தில், இதே கடாரத்து அரச மரபினர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினார்கள். சைவனான இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாகக் கொடுத்தான். ஆனைமங்கலச் செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. தாக்குதல் நடந்து அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1090இல், கடாரத்து அரசனின் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, அந்த விகாரத்துக்கான உரிமைகளை உறுதி செய்து தரக் கேட்டார்கள். அவனும் கொடுத்தான்.

போர் ஓர் ஆண்டு. உறவு பல நூறு ஆண்டு. இன்றைய தாய்லாந்தின் தக்குவா பாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது பேசுவது ஒரு குளத்தைப் பற்றி. குளம் வெட்டி, அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் விட்ட செய்தி. வாளோடு வந்தவர்களுக்கு முன்பே குளம் வெட்ட வந்த தமிழர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள். பேச்சுப் போட்டியில் அவர்களுக்கு ஒரு வரி கூட நாம் கொடுப்பதில்லை.

1025க்குப் பிறகும் கடாரம் இயங்கியது. பெங்காலான் பூஜாங்கின் பீங்கான் ஓடுகளில் பெரும்பகுதி அதற்குப் பிற்பட்ட காலத்தவை. 14ஆம் நூற்றாண்டுவரை வணிகம் நடந்தது. பிறகு ஆறுகள் மணல் மூடி, கடற்கரை விலகி, 15ஆம் நூற்றாண்டில் மலாக்கா எழுந்தபோது கப்பல்கள் திசை மாறிவிட்டன. ஆசிரியையின் கேள்விக்குப் பதில் இதுதான்: அவர் வருவதற்கு முன்னால் இரும்பு உருக்கியவர்களும் மணி செய்தவர்களும் இருந்தார்கள், அவர் போன பிறகும் துறைமுகத் தொழிலாளரும் வணிகரும் இருந்தார்கள்.

பாட்டியின் அடுப்பு

பயணம் முடிந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பியதும் கைப்பேசியில் எடுத்த படங்களைப் பாட்டிக்குக் காட்டினேன். பாட்டி பிறந்தது பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ரயில்வேயில் வேலை செய்த தாத்தாவுக்கு வாழ்க்கைப்பட்டு, பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸுக்கு வந்தவர். சுங்கை பத்துச் செங்கல் படத்தைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அட, இந்தச் செவத்தக் கல்லா? எங்க லயத்துல நெறைய வீட்டுக்கு அடுப்பே இதான் கண்ணு. ஓடைப் பக்கம் தோண்டுனா வரும். ஒங்க கொள்ளுத்தாத்தா மூணு கல்லு எடுத்தாந்து போட்டாரு. அதுலதான் கஞ்சி காச்சுவோம்."

நான் அதிர்ந்துவிட்டேன். "பாட்டி, அது பழைய கோயில் கல்லாக இருக்கலாம்!" என்றேன்.

"இருக்கலாம். கோயிலுன்னு யாரு வந்து எங்ககிட்ட சொன்னா?" என்றார்.

அந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. பால் மரம் வெட்டி, அரை வயிற்றுக் கஞ்சி குடித்தவர்களுக்கு அது வரலாறு என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் எடுத்தது அறியாமல் எடுத்தது. ஆனால் 2013இல் நடந்தது வேறு. அவ்வாண்டு இறுதியில், பதினோராம் எண் கொண்ட சண்டி வீடமைப்பு மேம்பாட்டுப் பணிக்காக இயந்திரத்தால் தரைமட்டமாக்கப்பட்ட செய்தி வெளியானது. வேல்ஸ் காலத்திலிருந்தே எண் கொடுக்கப்பட்டு, நூல்களில் பதிவான இடம் அது. தனியார் நிலம், மரபுடைமையாக அரசிதழில் அறிவிக்கப்படாத இடம் என்று விளக்கம் சொல்லப்பட்டது. பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டத்தின் தலைவர் டத்தோ வி. நடராஜன் போன்றோர் குரல் எழுப்பியதால்தான் நாடே அறிந்தது. அவர் 2011இலேயே பழைய கெடா பற்றி ஆங்கிலத்தில் ஒரு விரிவான நூலை எழுதியிருந்தார். நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம்? நூலகத்தில் அந்நூலை எடுத்தபோது முன்பக்கத்துத் தேதித் தாளில் மூன்றே முத்திரைகள் இருந்தன. நான் நான்காவது.

செங்கல்லின் பெயர் கொண்ட ஊரிலிருந்து

நான் வாழும் ஊரின் பெயரே செங்கல்லால் வந்தது. 1881இல் கோலாலம்பூர் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தபோது, மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டுங்கள் என்ற முடிவு பிராங்க் சுவெட்டன்ஹாம் காலத்தில் எடுக்கப்பட்டது. யாப் ஆ லோய் இங்கே செங்கல் சூளைகளைத் தொடங்கினார். அந்தச் சூளைகளில் மண் மிதித்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. பிறகு ரயில் பட்டறையும் தொழிலாளர் குடியிருப்பும் வந்தன. தமிழர்கள் நிறைந்தார்கள். பழைய ரயில்வே நிலத்தின் மீது 2001இல் கே.எல். சென்ட்ரல் திறந்தது. 2010இல் லிட்டில் இந்தியா வளைவு எழுந்தது. தாத்தா குடியிருந்த குவாட்டர்ஸ் வரிசை இன்று இல்லை. நான் கடாரத்திற்கு ரயில் ஏறிய நிலையமே தாத்தாவின் தலைமுறை வேலை செய்த நிலத்தின் மேல்தான் நிற்கிறது.

இன்னும் நூறு ஆண்டு கழித்து ஒரு மாணவன் பிரிக்பீல்ட்ஸ் பற்றி எழுதினால் என்ன எழுதுவான்? எந்தப் பிரதமர் எந்த வளைவைத் திறந்து வைத்தார் என்பது கல்வெட்டில் இருக்கும். தண்டவாளம் பழுது பார்த்தவர், பூக்கட்டியவர், மதியத்தில் வாழையிலை போட்டவர் எங்கே இருப்பார்கள்? கடாரத்தில் இரும்பு உருக்கியவன் இருக்கும் இடத்தில்தான் இருப்பார்கள், நாம் எழுதி வைக்காவிட்டால்.

தோழர்களே, இராஜேந்திரனை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவனுக்குக் கல்வெட்டு இருக்கிறது. அவன் மறக்கப்பட மாட்டான். துருத்தி ஊதியவனுக்கு நாம்தான் இருக்கிறோம். அவன் தமிழனா, மலாய்க்காரனா, வேறு யாரா என்பது தெரியாமலேயே அவனை மதிக்க முடியும். அப்படி மதித்தால்தான் பூஜாங் 'எங்களுடையதா, உங்களுடையதா' என்ற சண்டையைத் தாண்டி, இந்நாட்டவர் எல்லாரும் சேர்ந்து காக்க வேண்டிய இடமாகும்.

செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, கழகத்தின் அடுத்த ஆண்டுக் கல்விச் சுற்றுலாவைப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு ஏற்பாடு செய்யலாம். ஆட்சிக்குழுவிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். இரண்டு, தோட்டத்தில் பிறந்த தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே எழுதி வைக்கலாம். மூன்று, தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் வாய்ப்பு நம்மில் பலருக்கு வரும். அப்போது கடாரம் கொண்டவனோடு கடாரத்தில் வாழ்ந்தவர்களையும் சேர்த்து எழுதலாம்.

எனக்கு அந்த வாய்ப்பு இவ்வாண்டே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் பேச்சுப் போட்டி, அதே தலைப்பு. சோழன் வரும் இடத்திற்கு முன்னால் இரும்பு உலையைப் பற்றி நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அண்ணா, இந்த இடத்துல கைய எப்படி வைக்கிறது?" என்று கேட்டான். இருவரும் கூடத்தில் நின்று துருத்தி ஊதுவதுபோல் செய்து பார்த்தோம். உள்ளே இருந்து பாட்டி, "அப்படி இல்லடா, குனிஞ்சு ஊதணும்" என்றார்.